ரெஜிஸ்டர் விண்டோ உள்ள பிராசஸரில் ரிட்டர்ன் வேல்யூவை டிபக்கர் பிடிக்கும் விதம்: முழுமையான வழிகாட்டி

ஒரு ஃபங்ஷன் முடிந்ததும் அது தந்த மதிப்பு (ரிட்டர்ன் வேல்யூ) எந்த ரெஜிஸ்டரில், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் எந்தச் சின்னச் சேமிப்பிடத்தில் இருக்கும்? இன்டெல் 64 பிட் என்றால் ஆர்ஏஎக்ஸ், ஆர்ம் என்றால் ஆர்0 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடலாம். சன் நிறுவனத்தின் ஸ்பார்க் பிராசஸரில் மட்டும் "யார் கேட்கிறது?" என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். கூப்பிட்ட ஃபங்ஷன் கேட்டால் ஓ0. கூப்பிடப்பட்ட ஃபங்ஷன் கேட்டால் ஐ0. இரண்டும் ஒரே ரெஜிஸ்டர்தான். அம்மாவுக்குத் தம்பி, எனக்கு மாமா; திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் ஒருவரே.

மதிப்பு இடம் மாறுவதில்லை, அதன் பெயர்தான் மாறுகிறது. அதனால் டிபக்கர் (ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவி) முதலில் தான் யார் வீட்டில் நிற்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

ஸ்பார்க் 8ஆம் பதிப்பின் 32 பிட் ஏற்பாட்டை முதன்மையாக எடுத்துக்கொண்டு, ஜிடிபி என்ற டிபக்கர் செய்வதைப் பின்தொடர்கிறேன். கடைசியில் இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் வரும். நம்மில் பலர் மேசையில் அந்தப் பலகை ஒன்றாவது கிடக்கிறது. அதற்குள்ளும் ரெஜிஸ்டர் விண்டோ இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரெஜிஸ்டர்களை அசெம்பிளியில் விழுக்காட்டுக் குறியோடும் ஜிடிபியில் டாலர் குறியோடும் எழுதுவார்கள். இங்கே குறி எதுவும் போடாமல் ஓ, ஐ, எல், ஜி என்றே எழுதுகிறேன். முறையே அவுட், இன், லோக்கல், குளோபல்.

முன்கதை, சுருக்கமாக

1980களின் தொடக்கத்தில் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன் குழு ரிஸ்க் பிராசஸர்களை உருவாக்கியபோது வந்த யோசனை இது. ஒவ்வொரு முறை ஃபங்ஷனைக் கூப்பிடும்போதும் ரெஜிஸ்டர்களை மெமரியில் எழுதி, திரும்பும்போது மறுபடி படிப்பது வீண் செலவு. அதற்குப் பதில் சிப்பிலேயே நிறைய ரெஜிஸ்டர்களை வைத்து, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அதில் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டால் என்ன? சன் நிறுவனம் அந்த யோசனையை ஸ்பார்க்கில் எடுத்துக்கொண்டு, 1987இல் சன்-4 இயந்திரங்களோடு சந்தைக்கு வந்தது. சன் இன்றைக்கு இல்லை. ஸ்பார்க் வகையைச் சேர்ந்த லியான் பிராசஸர்கள் ஐரோப்பிய விண்கலங்களில் இருக்கின்றன. எனவே இது அருங்காட்சியகச் சமாசாரம் மட்டும் அல்ல.

எந்த நேரத்திலும் கண்ணுக்குத் தெரிவது 32 ரெஜிஸ்டர்கள். அதில் 8 ஜி எல்லோருக்கும் பொது. ஜி0 எப்போதும் பூஜ்யம். மீதி 24தான் விண்டோ: 8 ஓ, 8 எல், 8 ஐ. ஒருவருடைய ஓ எட்டும் அடுத்தவருடைய ஐ எட்டும் ஒன்றே. ஆக ஒரு விண்டோவுக்குப் புதிதாகத் தேவைப்படுவது 16தான். 8 விண்டோ உள்ள பிராசஸரில் 8 பெருக்கல் 16, கூட்டல் 8 ஜி, மொத்தம் 136 ரெஜிஸ்டர்கள். விவரக்குறிப்பு 2 முதல் 32 விண்டோ வரை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது.

விண்டோவை நகர்த்துவது கால் கட்டளை இல்லை என்பதைக் கவனியுங்கள். கூப்பிடப்பட்ட ஃபங்ஷன் தானே சேவ் என்ற கட்டளையைப் போட்டு நகர்த்திக்கொள்கிறது. ரெஸ்டோர் போட்டுத் திரும்புகிறது. இந்தச் சின்ன விஷயம்தான் பின்னால் பெரிய தலைவலி.

படி 1: ஃபங்ஷன் எப்படி முடிகிறது என்று பாருங்கள்

டிஸ்அசெம்பிளியில் (இயந்திரக் கட்டளைகளைப் படிக்கும் வடிவில் காட்டும் பட்டியலில்) ஃபங்ஷனின் கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். பாடப்புத்தக வடிவம் இப்படி இருக்கும்: மதிப்பு ஐ0இல் வைக்கப்படும், பிறகு ரெட், அதற்கு அடுத்த வரியில் ரெஸ்டோர். ஸ்பார்க்கில் தாவும் கட்டளைக்கு அடுத்த கட்டளையும் ஓடிவிட்டுத்தான் தாவல் நடக்கும். அந்த இடத்துக்கு டிலே ஸ்லாட் என்று பெயர். ரெட்டுக்குப் பின்னால் எழுதியிருந்தாலும் ரெஸ்டோர் ஓடிவிடும். ஐ0 அந்த நொடியே ஓ0 ஆகிவிடும். எந்த பிட்டும் எங்கும் நகரவில்லை.

ஆனால் கம்பைலர் இதோடு நிற்காது. ரெஸ்டோர் ஒரு கூட்டல் கட்டளையும்கூட. கூட்ட வேண்டிய எண்களைப் பழைய விண்டோவிலிருந்து எடுத்து, விடையைப் புதிய விண்டோவில் போடும். எனவே 42ஐத் திருப்பித் தரும் ஃபங்ஷன் இப்படி முடியலாம்:

ரெட்
ரெஸ்டோர் ஜி0, 42, ஓ0

இங்கே 42 என்பது ஐ0இல் ஒரு நொடிகூட இருக்கவில்லை. ரெட் வரியில் பிரேக்பாயின்ட் (நிரல் நிற்க வேண்டிய இடத்தின் குறி) வைத்து ஐ0ஐப் பார்த்தால் பழைய ஆர்கியுமென்ட்டோ வேறு ஏதோ குப்பையோ தெரியும். "ஃபங்ஷன் முடியும் இடத்தில் நின்று மதிப்பைப் பார்ப்பேன்" என்ற பழக்கத்தை ஸ்பார்க்கில் விட்டுவிட வேண்டியதுதான். திரும்பி வந்த பிறகு, கூப்பிட்டவர் வீட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஜிடிபியும் அதைத்தான் செய்கிறது.

மூன்றாவது வடிவம் இலை ஃபங்ஷன். வேறு யாரையும் கூப்பிடாத சின்ன ஃபங்ஷன் சேவே போடாது. கூப்பிட்டவர் விண்டோவிலேயே வேலையை முடித்து, ஓ0இல் மதிப்பை வைத்து, ரெட்எல் போட்டுத் திரும்பும். இங்கே பெயர் மாற்றமே இல்லை. 9ஆம் பதிப்பில் ரிட்டர்ன் என்று ஒரு கட்டளை உண்டு. அது விண்டோவையும் தானே திருப்பிவிடும் என்பதால் அதன் டிலே ஸ்லாட்டில் இருக்கும் கட்டளை கூப்பிட்டவர் விண்டோவில் ஓடும்.

எப்படி முடிந்தாலும், திரும்பி வந்த மறுகணம் சாதாரண முழு எண் விடை ஓ0இல் இருக்கும்.

படி 2: திரும்பும் முகவரியைக் கணக்கிடுங்கள்

கால் கட்டளை தன் சொந்த முகவரியை ஓ7இல் எழுதிவிட்டுப் போகும். அடுத்த கட்டளையின் முகவரி அல்ல, தன்னுடையது. அதனால் திரும்ப வேண்டிய இடம் அதோடு 8 கூட்டினால் வருவது: 4 பைட் காலுக்கு, 4 பைட் டிலே ஸ்லாட்டுக்கு. தவறி 4 மட்டும் கூட்டி பிரேக்பாயின்ட் வைத்தால் ஃபங்ஷனுக்குள் நுழைவதற்கு முன்பே நின்றுவிடும். டிலே ஸ்லாட் அங்கேதானே இருக்கிறது.

அப்புறம், ஓ7ஆ ஐ7ஆ? சேவ் ஓடியாகிவிட்டது என்றால் ஐ7. இன்னும் ஓடவில்லை, அல்லது இலை ஃபங்ஷன் என்றால் ஓ7. டிபக்கர் ஃபங்ஷனின் தொடக்கத்திலிருந்து இப்போது நிற்கும் இடம் வரை கட்டளைகளைப் படித்து, நடுவில் சேவ் இருந்ததா என்று பார்க்கிறது. இதில் தப்பு நடந்தால் அறிகுறி விசித்திரமாக இருக்கும். சேவ் ஓடாத நிலையில் ஐ7இல் இருப்பது கூப்பிட்டவருடைய சொந்தத் திரும்பும் முகவரி. ஃபினிஷ் (ஃபங்ஷன் முடியும்வரை ஓடவிட்டு விடையைக் காட்டும் ஜிடிபி கட்டளை) போட்டால் ஒரு படி தாண்டிப் பாட்டனார் வீட்டில் போய் நிற்போம். அங்கே ஓ0இல் இருப்பது அப்பாவின் விடை. ஆனால் திரை பிள்ளையின் விடை என்று சொல்லும். அதனால் ஃபங்ஷனின் முதல் கட்டளையிலேயே நின்றுகொண்டு கையால் கணக்குப் போடும்போது மட்டும் இரட்டிப்புக் கவனம்.

8 கூட்டுவதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபங்ஷன் ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) ஒன்றைத் திருப்பித் தருமானால், கூப்பிடுபவர் டிலே ஸ்லாட்டுக்கு அடுத்து அன்இம்ப் என்ற செல்லாத கட்டளை ஒன்றை வைப்பார். அதற்குள் ஸ்ட்ரக்ட்டின் அளவு எழுதப்பட்டிருக்கும். ஓடுவதற்காக வைத்தது அல்ல அது, இரண்டு பக்கமும் ஒரே அளவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கின்றனவா என்று சரிபார்க்க வைத்த சீட்டு. ஃபங்ஷன் அதைத் தாண்டி 12 பைட் தள்ளித் திரும்பும். 8இல் பிரேக்பாயின்ட் வைத்துக் காத்திருந்தால் விடிய விடியக் காத்திருக்கலாம். முகவரியைக் கையால் கணக்கிடும்போதெல்லாம் 8இல் இருக்கும் கட்டளையை ஒருமுறை டிஸ்அசெம்பிள் செய்து பார்த்துவிடுங்கள்.

ஓபன்பிஎஸ்டியில் இன்னொரு சிக்கல். அங்கே ஸ்டாக்கோஸ்ட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு, விண்டோவின் ரெஜிஸ்டர்கள் ஸ்டாக்கில் (ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் மெமரியில்) எழுதப்படும்போது திரும்பும் முகவரியை ஒரு ரகசிய எண்ணோடு எக்ஸ்ஆர் செய்துவிடும். ஸ்டாக்கிலிருந்து ஐ7ஐப் படிக்கும் டிபக்கர் அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு மறுபடி எக்ஸ்ஆர் செய்ய வேண்டும். ஜிடிபிக்கு இது தெரியும்.

படி 3: நின்றது சரியான ஃபிரேம்தானா?

ஃபிரேம் என்பது ஒரு கூப்பிடலுக்கு ஸ்டாக்கில் ஒதுக்கப்படும் பகுதி. தன்னைத்தானே கூப்பிடும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேக்டோரியல் 4 கூப்பிட்ட ஃபேக்டோரியல் 3க்குள் நின்று ஃபினிஷ் போடுகிறோம். உள்ளே 2ம் 1ம் ஓடி, அவையும் இதே முகவரிக்குத்தான் முதலில் திரும்பி வரும். முகவரியை மட்டும் நம்பினால் 1இன் விடையை 3இன் விடை என்று எடுத்துக்கொள்வோம்.

இங்கே விண்டோவே நமக்கு உதவுகிறது. ஓ6தான் ஸ்டாக் பாயின்டர், ஐ6தான் ஃபிரேம் பாயின்டர். நம் ஐ6 என்பது கூப்பிட்டவரின் ஓ6. எனவே ஃபங்ஷனுக்குள் இருக்கும்போதே ஐ6ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்பாயின்ட்டில் நின்றதும் ஓ6 அதற்குச் சமமா என்று பாருங்கள். ஸ்டாக் கீழ்நோக்கி வளர்கிறது. ஓ6 சிறியதாக இருந்தால் நீங்கள் இன்னும் ஆழத்தில் இருக்கிறீர்கள், தொடர்ந்து ஓட விடுங்கள். கையால் செய்வதென்றால் இதையே பிரேக்பாயின்ட்டுக்கு நிபந்தனையாகக் கொடுத்துவிடலாம். ஜிடிபி தற்காலிக பிரேக்பாயின்ட் வைக்கும்போது ஃபிரேமின் அடையாளத்தையும் சேர்த்தே கட்டி வைக்கிறது. இலை ஃபங்ஷனுக்குத் தனி ஃபிரேம் இல்லை, ஐ6க்குப் பதில் ஓ6ஐயே குறித்துக்கொள்ள வேண்டும்.

படி 4: டைப்பைப் பார்த்து மதிப்பை எடுங்கள்

இப்போது சரியான வீட்டில் நிற்கிறோம். ஓ0இல் 32 பிட் இருக்கிறது. அதை என்னவென்று படிப்பது? கம்பைலர் நிரலோடு சேர்த்து வைக்கும் டுவார்ஃப் டிபக் தகவலில் அந்த ஃபங்ஷனின் ரிட்டர்ன் டைப் இருக்கும். டிபக் தகவல் இல்லாமல் கம்பைல் செய்த லைப்ரரி என்றால் ஃபினிஷ் மதிப்பைக் காட்டாது. அப்போது ஓ0ஐ நீங்களே அச்சிட்டுக்கொள்ள வேண்டும்.

இன்ட், பாயின்டர் போன்றவற்றில் பிரச்சினை இல்லை. சார், ஷார்ட் போன்ற சிறியவற்றில் ஸ்பார்க் பிக் எண்டியன் என்பது நினைவிருக்கட்டும்: ரெஜிஸ்டரை 4 பைட்டாக எழுதிவைத்தால் மதிப்பு கடைசி பைட்டுகளில் இருக்கும். முதல் பைட்டை எடுத்தால் பூஜ்யம் கிடைத்து, ஃபங்ஷன்தான் தப்பு என்று தோன்றும். 64 பிட் முழு எண் என்றால் மேல்பாதி ஓ0, கீழ்பாதி ஓ1.

ஃப்ளோட் எஃப்0இலும், டபுள் எஃப்0, எஃப்1 இரண்டிலும் வரும். மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர்களுக்கு விண்டோ கிடையாது என்பதால் யார் வீட்டிலிருந்து பார்த்தாலும் ஒரே பெயர்தான். வேடிக்கை என்னவென்றால், இந்த 32 பிட் ஏற்பாட்டில் டபுளை ஆர்கியுமென்ட்டாகக் கொடுக்கும்போது ஓ ரெஜிஸ்டர்களில் கொடுப்பார்கள், திருப்பித் தரும்போது மட்டும் எஃப் ரெஜிஸ்டரில். மிதவைப்புள்ளி அலகு இல்லாத சிப்புக்காக மென்பொருள் வழியில் கம்பைல் செய்த நிரலில் டபுளும் ஓ0, ஓ1இலேயே வரும். அப்படிப்பட்ட பலகையில் டிபக்கர் எஃப்0ஐ எடுத்துக் காட்டினால் நம்பாதீர்கள்.

ஸ்ட்ரக்ட் எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு ஸ்பார்க்கில் மிகப் பிடித்த இடம். ஸ்ட்ரக்ட்டை எழுத வேண்டிய இடத்தின் முகவரியைக் கூப்பிடுபவர் தன் ஸ்டாக்கில், ஓ6க்கு 64 பைட் மேலே வைத்துவிடுவார். ஏன் 64? ஒவ்வொரு ஃபிரேமின் அடியிலும் முதல் 64 பைட், விண்டோவின் 16 ரெஜிஸ்டர்களை இறக்கி வைப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அதற்கு அடுத்த சொல் இந்த முகவரிக்கு. பல பிராசஸர்களில் ஃபங்ஷன் முடிந்ததும் அந்த மறைமுக முகவரி எந்த ரெஜிஸ்டரில் இருந்ததோ அது அழிந்திருக்கும். டிபக்கர் கையை விரித்துவிடும். இங்கே அது கூப்பிட்டவர் ஃபிரேமிலேயே பத்திரமாக இருப்பதால், திரும்பி வந்த பின்னும் ஓ6 கூட்டல் 64ஐப் படித்து ஸ்ட்ரக்ட்டைக் கண்டுபிடித்துவிடலாம். 64 பிட் ஏற்பாட்டில் இந்த வசதி போய்விட்டது. அங்கே 32 பைட் வரையுள்ள ஸ்ட்ரக்ட் ரெஜிஸ்டர்களிலேயே வரும். அதைவிடப் பெரியது என்றால் முகவரியை முதல் ஆர்கியுமென்ட்டாக ஓ0இல் கொடுப்பார்கள்.

படி 5: ரெஜிஸ்டர் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கூப்பிடும் ஆழம் விண்டோக்களின் எண்ணிக்கையைத் தாண்டினால் ஓவர்ஃப்ளோ டிராப் (கட்டுப்பாட்டைக் கெர்னலிடம் தரும் குறுக்கீடு) வரும். கெர்னல் மிகப் பழைய விண்டோவின் எல் 8, ஐ 8 ஆகியவற்றை அதன் ஸ்டாக்கில் எழுதி இடம் பண்ணித் தரும். திரும்பும்போது அண்டர்ஃப்ளோ டிராப் அவற்றை மறுபடி ஏற்றிவிடும். நிரலுக்கு இது எதுவும் தெரியாது. டிபக்கருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

லினக்ஸ் 32 பிட் ஸ்பார்க்கில் பிடிரேஸ் (வேறொரு நிரலை ஆராய உதவும் கெர்னல் வசதி) வழியாக ரெஜிஸ்டர்களைக் கேட்டால் கெர்னல் ஜி 8, ஓ 8 ஆகியவற்றோடு, பிசி (இப்போது நிற்கும் கட்டளையின் முகவரி) போன்ற கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்களைத் தரும். எல், ஐ வராது. அவற்றை ஜிடிபி ஓ6 காட்டும் இடத்தில் ஸ்டாக்கிலிருந்து படித்துக்கொள்கிறது. 64 பிட்டில் ஸ்டாக் பாயின்டர் உண்மையான இடத்திலிருந்து 2047 தள்ளி வைக்கப்பட்டிருக்கும். அதனால் ஓ6 ஒற்றைப்படையாக இருந்தால் 64 பிட் என்று அறிந்து 2047ஐக் கூட்டிக்கொள்ளும்.

இதனால் நமக்கு என்ன? பஃபர் வழிந்து ஸ்டாக் நாசமாகிவிட்ட நிரலில் எல், ஐ எல்லாம் குப்பையாகத் தெரியலாம். ஆனால் ஓ0 கெர்னலிடமிருந்து நேரே வருகிறது. சரியான இடத்தில் நின்றிருந்தால் ரிட்டர்ன் வேல்யூ இன்னும் நம்பத்தக்கதுதான்.

இன்னொரு பொறி உண்டு, இதில் விழாதவர் குறைவு. ஃபங்ஷனின் நடுவில் நின்றுகொண்டு அப் கட்டளை போட்டு மேல் ஃபிரேமுக்குப் போய் ஓ0ஐ அச்சிட்டால் ஏதோ ஒரு மதிப்பு வரும். அது ரிட்டர்ன் வேல்யூ இல்லை. மேல் ஃபிரேமின் ஓ0 என்றால் கீழ் ஃபிரேமின் ஐ0தான்; ஜிடிபி அந்தப் பெயர் மாற்றத்தைச் செய்து காட்டுகிறது, அவ்வளவே. ஃபங்ஷன் முடியாதவரை அதில் இருப்பது பெரும்பாலும் முதல் ஆர்கியுமென்ட், அல்லது அதன்மேல் கம்பைலர் எழுதிய வேறு ஏதாவது.

மதிப்பைப் படிப்பதற்குப் பதில் திணிக்க வேண்டுமென்றால் ஜிடிபியின் ரிட்டர்ன் கட்டளை. அது முதலில் ஃபிரேமை நீக்கி, பிறகு கூப்பிட்டவரின் ஓ0இல் எழுதும். வரிசை முக்கியம்.

வீட்டில் செய்து பார்க்க ஸ்பார்க் இயந்திரம் தேவையில்லை. ஒரு கிராஸ் கம்பைலர், கியூஇஎம்யூ எமுலேட்டரின் யூசர் மோட், பல பிராசஸர்களை அறிந்த ஜிடிபி போதும். ஃபேக்டோரியலை எழுதி, ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை கம்பைல் செய்து, படி 1இல் சொன்ன வடிவங்களைத் தேடிப் பாருங்கள்.

இஎஸ்பி32: எத்தனை படி நகர்ந்தோம் என்பதே தெரியாதபோது

இஎஸ்பி32இன் எக்ஸ்டென்சா கோரிலும் விண்டோ உண்டு. மொத்தம் 64 ரெஜிஸ்டர்கள், ஒரு நேரத்தில் தெரிவது ஏ0 முதல் ஏ15 வரை. ஆனால் ஸ்பார்க் போல எப்போதும் 16 படி நகர்வதில்லை. கூப்பிடுபவர் கால்4, கால்8, கால்12 மூன்றில் எதைப் போடுகிறாரோ அத்தனை படி நகரும். ஃபங்ஷன் தன் ஏ2இல் விடையை வைக்கும். கால்8 என்றால் கூப்பிட்டவருக்கு அது ஏ10. கால்4 என்றால் ஏ6. கால்12 என்றால் ஏ14.

நடைமுறையில் ஜிசிசி பெரும்பாலும் கால்8தான் போடும். நான் முதல்முறை இதில் ஏ2ஐப் பார்த்துக்கொண்டு, சென்சாரைப் படிக்கும் ஃபங்ஷன் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பத் தருகிறது என்று அரை நாள் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். நான் பார்த்தது கூப்பிட்ட ஃபங்ஷனின் சொந்த ஆர்கியுமென்ட். வயர் நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபின் எத்தனை படி நகர்ந்தோம் என்பது எந்த ரெஜிஸ்டரிலும் மிச்சமில்லை. ஜிடிபி என்ன செய்கிறது தெரியுமா? பிசிக்கு 3 பைட் முன்னால் போய், அங்கே இருக்கும் கால் கட்டளையைப் படித்து, 4ஆ 8ஆ 12ஆ என்று தெரிந்துகொள்கிறது. கால் கட்டளை கிடைக்காவிட்டால் 4 என்று எடுத்துக்கொள்ளும். பிறகு விண்டோ இப்போது எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் விண்டோபேஸ் ரெஜிஸ்டரைப் பார்த்து, 64இல் உண்மையான ரெஜிஸ்டர் எது என்று கணக்கிடும். திரும்பி வந்த அதே கட்டளையில் நிற்கும்போது மட்டும் செல்லுபடியாகும் தந்திரம் இது. ஒரு கட்டளை நகர்ந்துவிட்டாலும் 3 பைட் முன்னால் இருப்பது வேறு ஏதோ.

திரும்பும் முகவரியிலும் ஒரு வேலை இருக்கிறது. ஏ0இன் மேல் 2 பிட்டில் எத்தனை படி நகர்ந்தோம் என்று எழுதிவைக்கிறார்கள். இஎஸ்பி32 செயலிழந்து கொட்டும் ரெஜிஸ்டர் பட்டியலில், 4 என்று தொடங்க வேண்டிய நிரல் முகவரி ஏ0இல் 8 என்று தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கால்8இன் அடையாளம் அது. அந்த 2 பிட்டைப் பிசியின் மேல் 2 பிட்டால் மாற்றினால் உண்மையான முகவரி வரும். பிரேக்பாயின்ட் அங்கேதான் வைக்க வேண்டும்.

இன்டெலின் இட்டானியம் பிராசஸரிலும் ரெஜிஸ்டர்கள் இப்படி நகரும். ஆனால் ரிட்டர்ன் வேல்யூவுக்கென்று நகராத ஆர்8ஐ ஒதுக்கிவிட்டார்கள். டிபக்கர் எழுதுபவருக்கு நிம்மதி. ஸ்பார்க்கின் அழகு அதில் இல்லை என்பது என் கட்சி.

இஎஸ்பி குடும்பம் முழுக்க இதையே எதிர்பார்க்க வேண்டாம். பழைய இஎஸ்பி8266இல் விண்டோ கிடையாது. இஎஸ்பி32 சி3 ரிஸ்க்-5 சிப். அங்கே ரிட்டர்ன் வேல்யூ வருவது ஏ0இல். அதே ஏ0தான் எக்ஸ்டென்சாவில் திரும்பும் முகவரி. இரண்டு பலகையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள், ஏ0ஐ அச்சிட்டு 8 என்று தொடங்கும் பெரிய எண் வந்தால், ஃபங்ஷனைச் சந்தேகிக்கும் முன் யூஎஸ்பியில் எந்தப் பலகை செருகியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.